கிளம்பும் நாள்

அலுவலகத்தில் என் அக்காவுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ஒட்டுக்கடை. ஒரு முதியோர் இல்லத்தின் கணினி வேலை முழுவதும் அவள் தலையில்தான். அங்கே ஓடிய சாஃப்ட்வேரோ ஏதோ ஓட்டலுக்காக எழுதப்பட்டு மலிவாகக் கைமாறி வந்தது. இங்கே கொஞ்சம் வெட்டி, அங்கே கொஞ்சம் ஒட்டி அதை இல்லத்துக்குப் பழக்கினாள். விருந்தினரைப் பெரியவர் ஆக்கினாள். சலவைப் பக்கத்தை மருந்துப் பக்கமாக்கினாள். ஒன்றை மட்டும் அசைக்க முடியவில்லை. கிளம்பும் நாளைப் போடாவிட்டால் அது யாருக்கும் அறை தராது.

அதனால் புதிதாக வருகிறவர்களிடம், எப்போது கிளம்புகிறீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். அவர்களும் ஏதோ ஒரு நாளைச் சொல்வார்கள், பேத்தி படிப்பை முடிக்கும் நாள், மகன் கப்பலிலிருந்து இறங்கும் நாள் என்று. அந்த நாள் வந்ததும் அறை காலி என்று காட்டும். அக்கா போய் வேறு நாள் கேட்டு வருவாள்.

ஆனால் அவளுக்கு ஒரே ஆசை. வாழ்க்கையில் ஒரு தடவையாவது முதல் வரியிலிருந்து தானே எழுத வேண்டும். துணி மடிக்கும்போதுகூடப் பார்வை எங்கேயோ மிதக்கும். அங்கே ஒரு வெள்ளைத் திரை, அதில் யாருடைய மிச்சமும் கிடையாது. நான் தோளைத் தட்டினால்தான் பூமிக்கு இறங்குவாள்.

மேலாளர் ஒருவழியாகத் தலையாட்டினார். கொஞ்ச நாள் ஓட்டிப் பார்ப்போம், பெரியவர்களுக்கு ஒத்துவராவிட்டால் பழையதுதான் என்றார். அக்கா எழுதியது அவ்வளவு அழகு. கிளம்பும் நாள் என்ற தொல்லையே அதில் இல்லை. எனக்கே பொறாமையாக இருந்தது.

முதல் நாளே மாடி அறையில் தங்கியிருந்த தையல்காரம்மா வந்து திரையை உற்றுப் பார்த்தார்.

"என் தேதியக் காணோமே?"

"இனிமே அது வேண்டாம்மா. எவ்வளவு நாள் வேணும்னாலும் இருக்கலாம்," என்றாள் அக்கா.

"அப்ப நான் போகவே மாட்டேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

அன்று சாயங்காலம் என்னிடம் சொல்லும்போது அக்கா அழுதுவிட்டாள். மறுநாள் காலையில், தன் அழகான திரையில் தையல்காரம்மாவின் பெயருக்குக் கீழே கிளம்பும் நாளுக்கென்று ஒரு கட்டத்தைக் கொண்டுவந்து ஒட்டினாள். அதற்குப் பிறகு பழையதை யாரும் கேட்கவில்லை.

கட்டத்தை ஒட்டிய கையோடு தையல்காரம்மாவைக் கூப்பிட்டு, மகன் கப்பலிலிருந்து இறங்கும் அதே நாள்தானே என்று கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடும்மா. அவனுக்கு லீவு கிடைக்கணும்ல."