கிளப் இறங்கியதற்கு யார் காரணம்: சட்டை துவைத்தவள் கேட்டவை

ஃபுட்பால் டீமுக்குச் சட்டை துவைக்கிற வேலையில் கை வலிப்பதைவிடக் காது வலிப்பதுதான் அதிகம். இதை எனக்கு முதலில் சொன்னது ஃபிலோமினா அக்கா. மூன்று வருஷத்துக்கு முன்னால், தவக்காலம் தொடங்கின வாரம், மைதானத்துக்குப் பின்னால் இருக்கிற துவைக்கிற கல்லையும் தொட்டியையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டு, தோளில் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னார்: “ஜெயிச்சா இந்தப் பக்கம் ஒரு காக்கா வராது ஸ்டெல்லா. தோத்தா எல்லாரும் வருவாங்க, யாரால தோத்தோம்னு சொல்றதுக்கு.”

அப்போது சிரித்தேன். ஆனால் அந்த வருஷமே என் மகன் ஜெரோமை அந்தக் கிளப் கோச்சாகப் போட்டது. சிரிப்பு போய்விட்டது.

ஜெரோம் சின்ன வயதிலிருந்து அந்த மைதானத்தில் ஆடியவன். ஒரு ஆட்டத்தில் முட்டி போனது. ஆபரேஷன் ஆகி, இங்கே மைசூர் ஹெப்பாளில் ஃபாக்டரி வேலைக்குப் போக ஆரம்பித்தான். போவான், வருவான், சுவரைப் பார்த்து உட்காருவான். கேட்டால் ‘ம்’ என்பான், அதோடு சரி. கிளப் கூப்பிட்ட பிறகுதான் வீட்டில் அவன் குரலைத் திரும்பக் கேட்டேன். எங்கள் கிளப் ஏ டிவிஷனிலிருந்து பி டிவிஷனுக்கு இறங்கினால் கோச்சை மாற்றிவிடுவார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். மாற்றினால் என் பிள்ளை திரும்பவும் அந்தச் சுவருக்கே போய்விடுவானோ என்பதுதான் என் பயம். கோப்பையெல்லாம் எனக்குத் தெரியாது. பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு ஜெபமாலையோடு உட்கார்ந்திருக்கிற தாய்மாரே, உங்களுக்குப் புரியும்.

குடை முனை

மைசூர் மண் சிவப்பு. சேறு ஈரமாக இருக்கும்போதே தண்ணீரில் போட்டால் கறை நூலுக்குள் இறங்கிவிடும். கொடியில் காயவிட்டு, மறுநாள் காலை உதறி, பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் ஊறவைக்க வேண்டும். அதனால் ஆட்டத்துக்கு மறுநாள் எல்லாச் சட்டையும் சேற்றோடு, முதுகில் நம்பரோடு, வரிசையாகத் தொங்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நாங்கள் வரிசையாகத் தோற்க ஆரம்பித்ததும் செயலாளர் நஞ்சுண்டப்பா சார் தன் காலை வாக்கிங்கைக் கொடிப் பக்கம் மாற்றிக்கொண்டார். குடை முனையால் ஒவ்வொரு சட்டையாகத் தூக்கிப் பார்ப்பார். ஒன்பதாம் நம்பர் கிரணுடையது. முன்னால் நின்று கோல் அடிக்கிற பையன். அதில் சேறு குறைவு. “நோடி, பாருங்க ஸ்டெல்லம்மா, அவ்வளவு மழையில ஆடின ஆட்டம். இவன் மட்டும் கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி போயிருக்கான்” என்றார்.

“முன்னால ஆடுற பிள்ளை கீழ விழறது கம்மின்னு ஜெரோம் சொல்லுவான் சார்” என்றேன், தயங்கித் தயங்கி. அவர் குடையை மடக்கிக்கொண்டார். “ஜெரோம் அப்படித்தான் சொல்லுவாரு. நீங்க ஒண்ணு செய்ங்க. இனிமே துவைக்கிறதுக்கு முன்னாடி எல்லாச் சட்டையையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. எப்படிப்பட்ட ஆளை வெச்சுக்கிட்டு கோச் டீம் நடத்துறாருன்னு மீட்டிங்குல எல்லாரும் பாக்கட்டும்.”

பூசை முடிந்து

ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் தேவசகாயம் அண்ணன் பிடித்துக்கொண்டார். ரிடயர்ட் ஆனவர். எங்கள் கிளப் ஆட்டம் ஒன்றைக்கூட விட்டதில்லை. நற்கருணை வாங்கின வாயால் ஒருவரைத் திட்டக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அண்ணனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கோச்சுக்கு மூளை இல்லை, பாதி ஆட்டத்தில் ஆளை மாற்றத் தெரியவில்லை, பையன்களுக்கு ரொம்ப இடம் கொடுக்கிறான் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றேன். கண் கலங்கிவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டார். பதறிப்போய் என் தோளைத் தட்டினார். “ஐயையோ, என்ன ஸ்டெல்லா! நான் உன் மகனைச் சொல்லல. ஜெரோம் தங்கமான பிள்ளையாச்சே. நான் கோச்சைத்தான் சொல்றேன்.”

காவி ஏறிய வெள்ளை

போட்டோ எடுக்க எனக்கு மனசு வரவில்லை. எடுத்தால் கிரண் மாட்டுவான், அவனை ஆட வைத்ததற்காக ஜெரோம் மாட்டுவான். எடுக்காவிட்டால் செயலாளர் கோபித்துக்கொள்வார். ஜெபம் பண்ணிப் பார்த்தேன். அடுத்த ஆட்டம் முடிந்ததும் பையன்கள் கழற்றக் கழற்ற வாங்கி, ஈரச் சேற்றோடு எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் முக்கிவிட்டேன். காலையில் செயலாளர் வந்தபோது எல்லாச் சட்டையும் ஒரே மாதிரி இருந்தது. ‘போன்ல சார்ஜ் இல்ல சார்’ என்றேன். உண்மையாகவே இல்லை. நான்தான் போடவில்லை.

அதற்கு விலை உண்டே. எங்கள் சட்டை வெள்ளை. இப்படி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முக்கி முக்கி, ஒரு மாதத்தில் டீ வடிகட்டின துணி மாதிரி ஆகிவிட்டது. எலுமிச்சம்பழம் தேய்த்தேன், நீலம் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. கிளப்புக்குப் பொருளாளர் ஹார்டுவேர் கடை கோபால் சார். சாதாரணமாகச் சத்தம் போடாத மனிதர். ஒரு சட்டையை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “எதிர் டீம் பசங்க நம்மளப் பாத்து பயப்படவேணாம்மா. சிரிக்காமலாவது இருக்கணும், அல்வா, இல்லையா?”

கொடியின் திசை

சட்டை வெளுக்காததற்கும் டீம் தோற்பதற்கும் ஒரே காரணமாகத்தான் இருக்கும் என்று கோபால் சாருக்குத் தோன்றிவிட்டது. தன் கடைக்கு வாஸ்து பார்த்தவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் கோல் போஸ்டைப் பார்த்தார், பென்ச்சைப் பார்த்தார், எதிலும் குறை சொல்லவில்லை. என் கொடியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஈரத் துணி அந்த மூலையில் தொங்கக்கூடாதாம். வீரர்களின் பலம் எல்லாம் சொட்டுச் சொட்டாக வடிந்துபோகிறதாம். ‘கோச் மேல தப்பில்லை’ என்று அவர் சொன்னபோது, மாதா சத்தியமாக, அவர் காலில் விழலாமா என்று இருந்தது எனக்கு.

கொடியை அவிழ்த்து, பாத்ரூம் சுவருக்குப் பின்னால், தூங்குமூஞ்சி மரத்தடியில் கட்டினோம். அங்கே வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. மழைக்காலம் வேறு. அந்த வார ஆட்டத்துக்குப் பையன்கள் ஈரச் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். பாதிப் பேருக்கு ஜலதோஷம். தும்மிக்கொண்டே தோற்றார்கள். ‘துணியே காயலையே சார்’ என்று அந்த வாஸ்துக்காரரிடமே கேட்டுவிட்டேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “காயறது அப்புறம்மா. முதல்ல தோஷம் போகட்டும்.”

மலை மேல் இருக்கிறவர்

சட்டையை மடிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்வது என் வழக்கம். வாய்க்குள்தான் சொல்வேன். மாற்று மதப் பிள்ளைகளும் இருக்கிறார்களே, யாருக்கும் சங்கடம் வேண்டாம். கோல்கீப்பர் செல்வம் கொள்ளேகால் பக்கத்துப் பையன், அவன் எப்படியோ கண்டுபிடித்துவிட்டான். நான்கு கோல் விட்ட ஆட்டத்துக்கு அடுத்த நாள் வந்து, கல்லுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். முகம் செத்துப்போய் இருந்தது.

“ஏனுங்கம்மா, என்ற சட்டைக்குச் சொல்றப்ப மட்டும் ரெண்டு தடவை சொல்லுங்க. என்னாலதான் கோச்சு சாருக்குக் கெட்ட பேரு. எங்க மாதேசுவரங்கிட்டயும் வேண்டிக்கிட்டுத்தான் இருக்கறனுங்க. ஆனா அவரு மலை மேல இருக்காரு, அங்க பஸ்ஸே கம்மி. உங்க மாதா பக்கத்துலதான இருக்காங்க, கொஞ்சம் வெரசாச் சொல்லிப்போடுங்க.”

போனில் ரீட்டா

ஜெரோம் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினதும் நேராக மைதானம். அங்கிருந்து வீடு. வந்து உட்கார்ந்தால் போனில் கிளப் குரூப்பைப் பார்ப்பான். அதில் நாலு பேர் அவனைத் திட்டி எழுதியிருப்பார்கள். படிப்பான், கவிழ்த்து வைப்பான், திரும்ப எடுப்பான். தட்டில் போட்டது போட்டபடி இருக்கும். ‘ரசம் ஊத்தட்டுமா தம்பி’ என்றால் ‘ம்.’ அந்த ‘ம்’ எனக்குத் தெரிந்த ‘ம்’.

மகள் ரீட்டா பெங்களூரில் நர்ஸ். அவளிடம் போனில் அழுதேன். “இந்தக் கிளப்பே வேணாம்டி. அவனே விட்டுட்டு வந்துட்டா நிம்மதியா இருப்பான்னு ஒன்பது நாள் நொவேனா ஜெபம் பண்ணட்டுமா?” வார்டில் யாரோ கூப்பிட்டார்கள், ‘வரேன்’ என்று கன்னடத்தில் கத்திவிட்டுச் சொன்னாள்: “அம்மா, கிளப்பு தோத்தா அவனுக்கு ஒண்ணும் ஆகாது. கிளப்பு இல்லன்னாதான் ஆகும். எதுக்கு ஜெபம் பண்றோம்னு பாத்துப் பண்ணுங்க.”

கடைசி ஆட்டம்

தோற்காமல் இருந்தால் போதும், ஏ டிவிஷனிலேயே இருந்துவிடலாம். அப்படி ஒரு ஆட்டம் கடைசியாக வந்தது. நான் ஆட்டம் பார்ப்பதில்லை. கல்லின் மேல் உட்கார்ந்து, ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு, சத்தத்தை மட்டும் கேட்பேன். விசில் சத்தம், ஜெரோம் கத்துகிற சத்தம். அன்றைக்கு முடியப்போகிற நேரம்வரை கோல் இல்லை. மணிகளைத் தள்ளத் தள்ள விரல் வேர்த்தது. அப்புறம் ஒரு பெரிய ‘ஐயோ’. எங்கள் பக்கத்து ‘ஐயோ’வும் எதிர்ப் பக்கத்துக் கைத்தட்டலும் ஒன்றாக வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்கு இப்போது தெரியும்.

நடந்தது இதுதான். பின்னால் வந்து உதவ மாட்டேன் என்கிறான் என்று எல்லாரும் திட்டின கிரண், அன்றைக்கு எங்கள் கோல் வரை ஓடி வந்திருக்கிறான். பந்தைத் தடுக்கப் பாய்ந்து விழுந்திருக்கிறான். பந்து அவன் காலில் பட்டு எங்கள் கோலுக்குள்ளேயே போய்விட்டது. செல்வத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

எல்லாருக்கும் கடைசியில் கிரண் வந்தான். தலையிலிருந்து கால்வரை சேறு, நம்பரே தெரியவில்லை. சட்டையைக் கழற்றி என் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றான். “ஆன்ட்டி, இதைக் கொடியில போடாதீங்க ப்ளீஸ். எல்லாத்தோட சேத்துத் தொட்டியில போட்டுடுங்க.”

மீட்டிங்

துவைத்த சட்டை மூட்டையை ஒப்படைக்கப் போனவள், கிளப் ரூம் வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள். ரெஃபரி என்றார்கள். மழை என்றார்கள். கோபால் சார் கொடியை இன்னும் கொஞ்சம் தள்ளிக் கட்டியிருக்க வேண்டும் என்றார். தேவசகாயம் அண்ணன் பழைய காலத்து ஆட்டக்காரர்களின் பெயர்களைச் சொல்லிப் பெருமூச்சு விட்டார். கடைசியில் செயலாளர் மேஜையைத் தட்டினார். “சுத்தி வளைக்க வேணாம். டீம் கோச் கையில இருந்தது. கோச் பதில் சொல்லட்டும்.”

ஜெரோம் எழுந்தான். நான் மூட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அவன் குரல் உயரவே இல்லை. “ஆமா சார். பையனுங்க மேல தப்பில்ல. கிரணை நான்தான் பின்னால போகச் சொன்னேன். முழுப் பொறுப்பும் என்னோடது. வேற ஆளைப் பாத்துக்குங்க.”

மாதாவே என்று கண்ணை மூடிக்கொண்டேன். ‘வேற யாரு வருவாங்க?’ என்று கோபால் சார் மெதுவாகக் கேட்டார். ஒருவர் பெயரைச் சொன்னார்கள், அவர் சம்பளம் கேட்பார் என்றார்கள். இன்னொருவர் பி டிவிஷன் டீம் என்றால் போனையே எடுக்க மாட்டாராம். தேவசகாயம் அண்ணன் எல்லாரும் தன்னைப் பார்க்கிறார்களோ என்று சந்தேகப்பட்டு, முட்டியைத் தடவிக்கொண்டார். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், திரும்பக் கழற்றினார். “என்ன ஜெரோம், எல்லாப் பழியையும் நீங்களே தூக்கிட்டுப் போனா எப்படி? எங்களுக்கும் கொஞ்சம் பங்கு விடுங்க. உக்காருங்க, உக்காருங்க. திங்கக்கிழமை ப்ராக்டிஸ் எத்தனை மணிக்கு?”

வீட்டுக்கு நடந்து வரும்போது வழியெல்லாம் ஜெரோம் பேசிக்கொண்டே வந்தான். பி டிவிஷனில் சின்னப் பையன்களை ஆட விடலாம், கிரணை நடுவில் போடலாம், செல்வத்துக்குக் கையுறை மாற்றவேண்டும் என்று என்னென்னவோ. எனக்குப் பாதி விளங்கவில்லை. வாய் ஓயாமல் ‘சரி தம்பி, சரி தம்பி’ என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

எங்கள் கிளப் இறங்கியதற்கு யார் காரணம் என்று ஊரே தேடியது. ஒருவன் நான்தான் என்று எழுந்து நின்றதும், அவனை உட்கார வைப்பதற்கு அத்தனை பேரும் கெஞ்ச வேண்டியதாகிவிட்டது.

சாயங்காலத்தில் மைதானத்துப் பக்கம் வந்தால் ஜெரோமைப் பார்ப்பீர்கள், கொஞ்சம் காலைச் சாய்த்து நடப்பான். ஏன் தோற்றீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள், அடுத்த ஆட்டம் யாரோடு என்று கேளுங்கள்.