இரண்டு சீட் வண்டியின் கிளட்ச்

என் கணவர் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்து செங்கல்பட்டு வீட்டு வாசலில் நிறுத்தியபோது, மாமியார்தான் முதலில் கேட்டார். "இன்னாடா, ரெண்டு சீட்டுதான் கீது. மத்தவங்கல்லாம் எங்க குந்துறது?" நானும் என் பங்குக்கு 'தகர டப்பா' என்று பெயர் வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அதன் அருமை புரிந்தது. எங்கள் வீட்டில் யாராவது கார் சாவியைக் கையில் எடுத்தால் போதும், மாமியார், ஓரகத்தி, பிள்ளைகள் என்று ஒரு பட்டாளமே ஏறி உட்கார்ந்துவிடும். கல்யாணமானதிலிருந்து நாங்கள் இரண்டு பேர் மட்டும் எங்கேயும் போனதில்லை. இந்த வண்டியில் யார் ஏற முடியும்? திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், மீன் வறுவல் தின்றுவிட்டு வந்தோம். அந்த மனிதருக்கு இவ்வளவு பேச வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு ஞாயிறு எங்களுடையது.

ஆடி முடிவதற்குள் கிளட்ச் படுத்துவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இஞ்சின் ஊரைக் கூட்டுகிறது, வண்டி மட்டும் ஊர்கிறது. பால்காரரின் மொபெட் எங்களைத் தாண்டிப் போனது. சிங்கப்பெருமாள் கோயில் மெக்கானிக் ஓட்டிப் பார்த்தார். "பிளேட்டு சுத்தமா தேஞ்சிபோச்சி அண்ணாத்த. ஸ்பேரு வெளியூர்லேர்ந்து வரணும்" என்றார்.

அன்று சாப்பாட்டில் கணவரின் அண்ணன் தீர்ப்பே சொல்லிவிட்டார். "வித்துத் தள்ளுடா. ஏழு பேரு குந்துற மாதிரி ஒண்ணு வாங்கிக்கலாம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். என் கணவர் தட்டிலிருந்த ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவர். வண்டி போனால் என் ஞாயிறும் போய்விடும்.

"விக்க வேணாம் மாமா. ரிப்பேர் பண்ணிக்கலாம்" என்றேன்.

"இன்னாம்மா, நீதான அத தகர டப்பான்னு சொல்லிகினு இருந்த?"

"இப்பவும் தகர டப்பாதான் மாமா. ஆனா எனக்குப் புடிச்சிருக்கு."

அவர் மோர் கேட்டார்.

புது பிளேட் மாட்டிய பிறகு வந்த முதல் ஞாயிறு, வண்டி சும்மா பறந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். மாமல்லபுரத்தில் மீனை வாயில் வைப்பதற்குள் போன் அடித்தது. மாமியார்.

"அச்சரப்பாக்கத்துலேர்ந்து சொந்தக்காரங்க வந்துகினு கீறாங்க. சீக்கிரம் வூட்டுக்கு வந்துடுங்க."

கணவர் அதற்குள் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"லேட்டாவும் அத்த" என்றேன். "கிளட்ச் மறுபடியும் போச்சு."

"அடப் பாவமே, பத்திரமா வாங்க" என்று மாமியார் போனை வைத்தார்.

கணவர் என்னை வாய் பிளந்து பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்படியே இன்னும் தள்ளி, கடப்பாக்கம் வரைக்கும் போலாமா?"