குட்டிகளுக்குச் சம்பந்தம் பேசியவள்

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் சம்பந்தியம்மாதான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. கணவர் ஒருவர்தான் அதைச் சொல்லிக் கூப்பிடுவார், அதுவும் கோபம் வந்தால். அவருக்குக் கோபம் வருவதில்லை. ஆகவே அந்தப் பெயர் புழக்கத்தில் இல்லாமலே போய்விட்டது.

கணவருக்கு மெத்தைக் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, இரண்டுக்கும் நடுவில் வெட்டிப்போட்ட ஸ்பாஞ்சுத் துண்டுகளைக் குவித்து வைக்கிற ஓர் அறை. அந்த அறையைத்தான் சம்பந்தியம்மா நாய்களுக்கு எடுத்துக்கொண்டாள். பக் நாய்கள். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மடிப்பும், கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோலிக்குண்டும் வைத்தது போல இருக்குமே, அந்த ஜாதி. பிறக்கும் குட்டிகள் ஸ்பாஞ்சில் புரண்டு, ஸ்பாஞ்சைக் கடித்து, ஸ்பாஞ்சிலேயே ஒன்றுக்குப் போகும். அவள் சலிக்காமல் துண்டை மாற்றிக்கொண்டே இருப்பாள்.

குட்டி வாங்க வருகிறவர்களை அவள் சம்பந்தி என்று கூப்பிடுவாள். விளையாட்டுக்காக ஆரம்பித்தது, கடைசியில் பட்டமாக ஒட்டிக்கொண்டது. வந்தவர்களைக் கடையில், பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை மேல் உட்கார வைப்பாள். காபி கொடுப்பாள். பிறகு விசாரணை தொடங்கும். சொந்த வீடா, வாடகையா? தோட்டம் உண்டா? கார் இருக்கா? வீட்டில் ஏசி போட்டிருக்கிறீர்களா, எங்க பிள்ளைக்கு வெயில் ஆகாது. பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடம்? வந்தவர்கள் நாய் வாங்க வந்தோமா, மாட்டிக்கொண்டோமா என்று விழிப்பார்கள். "கண்ட கண்ட இடத்துல என் பிள்ளையத் தள்ளிவிட முடியுமா?" என்பாள். வாடகை வீட்டுக்காரர் ஒருவரை வெறும் காபியோடு திருப்பி அனுப்பியிருக்கிறாள். குட்டி கிளம்பும் நேரம் தவறாமல் அழுவாள், தோளில் கிடக்கும் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொள்வாள். நடிப்பில்லை. நல்ல மனசு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நல்ல மனசுக்காரர்கள் செய்கிற தப்பை யாரும் தட்டிக் கேட்பதில்லை என்பதுதான் தொல்லை, அதிலும் காபி வேறு கொடுத்துவிட்டால்.

அவளிடம் முதன்முதலில் வந்தவை ஒரே வயிற்றில் பிறந்த ஓர் ஆணும் ஒரு பெண்ணும். பெண் பருவத்துக்கு வந்ததும் ஆண் அதன் பின்னாலேயே சுற்ற ஆரம்பித்தது. சம்பந்தியம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடச் சீ! கூடப் பொறந்தவடா அவ!" என்று துடைப்பத்தைத் தூக்கினாள். அண்ணனை மாடியறையில் அடைத்தாள். தங்கைக்குப் பக்கத்துத் தெருத் தையல்காரர் வீட்டு ஆண் நாயைப் பேசி முடித்தாள். அதில் பிறந்த பெண்குட்டிக்குத்தான் சப்பை என்று பெயர் விழுந்தது. அம்மாவுக்காவது மூக்கென்று சொல்ல ஏதோ இருந்தது, இவளுக்கு அதுவும் இல்லை.

சப்பை வளர்ந்து ஆளானாள். சம்பந்தியம்மா விரல்விட்டு உறவு பார்த்தாள். மாடியில் இருக்கிறவன் சப்பையின் அம்மாவுக்கு அண்ணன். அப்படியென்றால் சப்பைக்குத் தாய்மாமன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"முறை மாமன் வீட்டுக்குள்ளயே இருக்கான். நான் எதுக்கு வெளியில அலையணும்?" என்றாள் கணவரிடம்.

"நாய்க்கு ஏது முறை?" என்றார் அவர்.

"முறை இல்லாம என்ன, தெருநாயா அது?"

அவர் மெத்தை தைக்கப் போய்விட்டார். முறைப்படி எல்லாம் நடந்தது. சப்பைக்குத் தானாகப் பிரசவம் ஆகவில்லை. டாக்டர் வயிற்றைக் கிழித்துத்தான் குட்டிகளை எடுத்தார். அடுத்த தடவையும் அப்படியே. ஆனால் குட்டிகள் அம்மாவைவிடச் சப்பையாக இருந்தன. தூங்கும்போது குறட்டை விட்டன, அதுவும் வாசல்வரை கேட்கிற குறட்டை. அதைச் சம்பந்தியம்மா ஃபோனில் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பினாள். பார்த்தவர்கள் எங்க மாமனார் மாதிரியே இருக்கு என்று சிரித்தார்கள். குட்டி கேட்டு வருகிறவர்கள் "குறட்டை விடுமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். "விடாம? கேரண்டி!" என்பாள்.

ஒரு நாள் காலை, கடை திறந்த கையோடு, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வந்து நின்றார். மகளின் பிறந்தநாளுக்கென்று சப்பையின் குட்டி ஒன்றை வாங்கிப் போனவர். கையில் ஃபேன் வந்த அட்டைப்பெட்டி. உள்ளே அந்தக் குட்டி, இப்போது வளர்ந்து, வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துக்கொண்டிருந்தது. நாக்கின் ஓரம் நீலம் பாய்ந்திருந்தது.

"சாரிம்மா. எங்களால முடியலை. நாலடி நடந்தா மயங்கி விழுது. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறோம், பொண்ணு ஸ்கூலுக்குப் போயிடுது. பகல் பூரா பால்கனியிலதான் கெடக்கும். பொண்ணும் இப்ப மீன்தொட்டி வேணும்ங்கறா."

சம்பந்தியம்மாவுக்கு உச்சந்தலை கொதித்தது. "ஏங்க, இது என்ன செருப்பா, காலுக்குச் சேரலைன்னு திருப்பிக் கொண்டு வர்றதுக்கு? பகல் முழுக்க பால்கனியில போடறதுக்கு எதுக்கு வாங்கினீங்க? ஒரு வார்த்தை சொன்னீங்களா எங்கிட்ட?"

மனிதர் பெட்டியைக் கீழே வைத்தார். "நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்போம். நீங்க கார் இருக்கான்னு கேட்டீங்க. இருக்குன்னு சொன்னோம்."

அவர் போன பிறகு சம்பந்தியம்மா கணவரிடம், "ஆளைப் பாரு, என்னையே மடக்கிட்டுப் போறான்," என்று முணுமுணுத்தாள். பிறகு பெட்டியோடு ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடினாள்.

டாக்டர் இளவயதுக்காரி. சப்பைக்கு ஆபரேஷன் செய்தவளும் அவள்தான். நாயின் மூக்கருகே டார்ச் அடித்துப் பார்த்தாள், வாயைத் திறந்து உள்ளே பார்த்தாள், நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள்.

"குறட்டைன்னு சொல்லி வித்தீங்களே, அது குறட்டை இல்லம்மா. மூச்சு முட்டுது. மூக்கு ஓட்டை ரெண்டும் கீறல் மாதிரி இருக்கு பாருங்க. உள்ளே சதை வேற தொங்கி அடைக்குது. வாழ்நாள் பூரா தலையணையால மூக்கை அமுக்கி வெச்ச மாதிரிதான் இதுக்கு." குழாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "இதோட அப்பா யாரு?"

இந்தக் கேள்விக்குச் சம்பந்தியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வெளியாள் இல்ல டாக்டர். சப்பையோட சொந்தத் தாய்மாமன். நான் முறை தப்ப விட மாட்டேன். அண்ணன் தங்கச்சி சேர்ந்துடக் கூடாதுன்னு எத்தனை நாள் காவல் இருந்திருக்கேன் தெரியுமா?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"நாய்க்கு மாமனும் கிடையாது, மச்சானும் கிடையாதும்மா. ஒரே ரத்தமா, வேற ரத்தமா, அவ்வளவுதான். மனுஷங்களுக்கே சொந்தத்துல வேணாம்னு சொல்றோம். இந்த ஜாதிக்கு ஏற்கெனவே மூக்கு இல்லை. அதுலயும் ரொம்பச் சப்பையா இருக்கிறவளைச் சொந்தத்துக்குள்ளயே சேர்த்திருக்கீங்க. ரெண்டு பக்கமும் இருக்கிற கோளாறு ஒண்ணாச் சேர்ந்து இது தலையில இறங்கியிருக்கு."

"நான் நல்லதுன்னு நெனச்சுத்தானே..."

"தெரியும். மூக்கு ஓட்டையைப் பெருசாக்கி விடறேன், ஓரளவு மூச்சு வரும். ஆனா சப்பைக்கு இனி குட்டி வேணாம். இன்னொரு பிரசவம் தாங்க மாட்டா. கருப்பையை எடுத்துடலாம், என்னிக்குன்னு நீங்க சொல்லுங்க."

சம்பந்தியம்மா நாள் சொல்லவில்லை. காரணம் இருந்தது. அவளுடைய நிஜமான சம்பந்தி, மகளின் மாமியார், ஒரு குட்டி கேட்டிருந்தாள். சப்பைக்குப் பிறப்பதில் ஒன்று. "அடுத்த பிரசவத்துல முதல் குட்டி உங்களுக்குத்தான் சம்பந்தி," என்று இவளும் வாக்குக் கொடுத்துவிட்டாள். அந்தம்மா மருந்துக்கடை நடத்துகிறவள், கறாரான ஆள், எதையும் இரண்டாவது தடவை கேட்கிற பழக்கம் கிடையாது. மகளுக்குக் கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. முதன்முதலாக வாய்விட்டுக் கேட்டதை இல்லை என்று சொன்னால், அந்த முகக் கடுப்பைத் தினமும் பார்க்கப் போவது மகள்தான். சப்பையோ இன்னும் சில நாட்களில் பருவத்துக்கு வந்துவிடும். ஒரே ஒரு தடவை, இதுதான் கடைசி என்று மனசு பேரம் பேசியது.

மகளுக்கு ஃபோன் செய்தாள். கண்ணாடிக் கடைக்காரரில் ஆரம்பித்து, பெட்டி, பால்கனி, டாக்டர், டார்ச், சப்பையின் கருப்பைவரை ஒரு மூச்சாகக் கொட்டித் தீர்த்தாள். மகள் "ம், ம்" என்று கேட்டாள். கடைசியில், "அத்தை பக்கத்து வீட்டுலகூட சொல்லிட்டாங்கம்மா, குட்டி வருதுன்னு. ஞாயித்துக்கிழமை அங்க வர்றோம்," என்றாள்.

அந்த வாரம் முழுக்க, மூக்கில் தையல் போட்ட நாயை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அது முதல் தடவையாகச் சத்தமில்லாமல் தூங்கியது. சத்தம் வராததால் அவள் பயந்து பயந்து நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். பக்கத்தில் சப்பை, உட்கார்ந்தபடியே தூங்கி, தலை சாய்ந்ததும் மூச்சடைத்து விழித்து, மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தது. இதையெல்லாம் இத்தனை நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்த்துப் பார்த்துச் சிரித்திருக்கிறாள், படம் பிடித்திருக்கிறாள். தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. சனிக்கிழமை டாக்டருக்கு ஃபோன் போட்டு, திங்கட்கிழமை சப்பையைக் கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடை அம்மாள் மருமகளோடு வந்தாள். நிஜச் சம்பந்தியைக் கடையில் உட்கார வைக்க முடியாது, வீட்டு நாற்காலியில் உட்கார வைத்தாள். காபி கொடுத்தாள்.

"சம்பந்தி, தப்பா நெனச்சுக்காதீங்க. சப்பைக்கு இனிமே குட்டி கிடையாது. போட்டா செத்துடுவா. உங்களுக்குக் குடுத்த வாக்கைக் காப்பாத்த முடியலை."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். மாமியார் டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப சரி. நாய் விக்கிற கடையிலயே ஒண்ணு வாங்கிக்கறேன்."

"ஐயோ, வேணாம்!" சம்பந்தியம்மா பதறிவிட்டாள். "கடையில கூண்டுக்குள்ள இருக்கிறதப் பாத்தா எல்லாம் அழகாத்தான் இருக்கும். இந்த மூக்குச் சப்பை ஜாதியே வேணாம் சம்பந்தி. அதுவும் நீங்க எல்லாரும் கடைக்குப் போயிடற குடும்பம். பகல்ல யார் பாத்துப்பாங்க? நடக்கக் கூட்டிட்டுப் போறது யாரு? வியாதி வந்தா ராத்திரி பகல் பாக்காம தூக்கிட்டு ஓடறது யாரு? பகல்ல வீட்டுல ஆளே இல்லைன்னா..."

மருந்துக்கடை அம்மாள் கையைத் தூக்கி நிறுத்தினாள். முகம் சிவந்திருந்தது.

"என்ன சம்பந்தி, ஒரு நாய்க்கு இத்தனை விசாரணையா? உங்க பொண்ணைக் குடுத்தப்போ இதுல ஒண்ணுகூட நீங்க கேக்கலையே. வீட்டைப் பாத்தீங்க, தோட்டத்தைப் பாத்தீங்க, கார்ல ஏறி ஒரு சுத்து வந்தீங்க. அதோட முடிச்சுட்டீங்க."

பிறகு அந்தம்மாவே குரலைத் தணித்துக்கொண்டாள்.

"பகல்ல ஆள் இருக்கு. உங்க பொண்ணு இருக்கா. நாங்க காலையில கடைக்குக் கிளம்பினா இருட்டினப்புறம்தான் திரும்பறோம். அதுவரைக்கும் அந்த வீட்டுல இவ ஒருத்திதான். கடைக்கு வான்னா, அங்க எனக்கு என்ன வேலை அத்தைங்கறா. வேலைக்குப் போன்னா, அப்பறம் பாக்கலாங்கறா. சாப்பிடறதுகூட இல்லை. நாலு நாள் முன்னாடி நான் மத்தியானம் வீட்டுக்கு வந்தேன், டிவியைக்கூடப் போடாம சும்மா உக்காந்துட்டிருக்கா. ஒரு துணையாவது இருக்கட்டும்னுதான் குட்டி கேட்டேன். எனக்கு நாய்ன்னாலே ஆகாது."

சம்பந்தியம்மா மகளைப் பார்த்தாள். இந்த வருஷத்தில் எத்தனையோ தடவை வந்து போன மகள்தான். கன்னம் ஒட்டியிருப்பது இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

"ஏன்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

மகளுக்குக் கோபமில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். "எப்பம்மா சொல்றது? நீ ஃபோன் பண்ணா நாய்ங்களைப் பத்திப் பேசுவ. பேசி முடிச்சதும் வெச்சிடுவ."

சம்பந்தியம்மாவுக்கு அழுகை வரவில்லை. குட்டி கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் கேட்காமலே வருகிற அழுகை, இப்போது வரவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. நாற்காலியை இழுத்து மகளுக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள்.

பின்னறையில் சப்பை குரைத்தது, பிறகு கதவைப் பிறாண்டியது. அவள் எழுந்திருக்கவில்லை.

"சொல்லு," என்றாள்.