சோடாவின் மாத்திரைச் செலவு

போன மாதம் ஒரு மத்தியானம். கீழ் வீட்டு மேரி அக்கா மூச்சு வாங்க மாடியேறி வந்தார். கையில் ஒரு மாத்திரை அட்டை. அதை பிஸ்கட் என்று நினைத்து எங்கள் சோடா வாலை ஆட்டிக்கொண்டு ஓடினான்.

"இந்தா ஜெனி, எங்க மாமியார்து. ஹார்ட்டு மாத்திரை. டாக்டர் வேற மாத்தி எழுதிட்டாரு, இது சும்மாதான் கீது. வூட்ல வச்சிகினு இன்னா பண்றது? உன் நாய்க்கும் ஹார்ட்டுதான சொன்ன?"

ஆமாம், சொன்னேன். சொன்னது மட்டுமா? நாய் மாத்திரை விற்கிற விலையைப் பற்றி அபார்ட்மென்ட் குரூப்பில் நீளமாகப் புலம்பியும் இருந்தேன். நம் குரூப்புகளின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மிச்சமான காய்ச்சல் சிரப், பாதி தீர்ந்த கண் சொட்டு மருந்து, பிரிக்காத வலி மாத்திரை... எல்லாம் மாடிக்கு மாடி பயணம் செய்யும். ஊறுகாய் பாட்டில் மாதிரி.

முதலில் சோடாவைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளை பொமரேனியன், வயது பத்து. எங்களுக்குக் கல்யாணமான புதிதில், மகள் ரூத் பிறப்பதற்கு ரொம்ப முன்னாலேயே, இந்த வீட்டுக்கு வந்தவன். இந்த வருட ஆரம்பத்தில் ஒரு நாள் தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல இருமினான். எலும்பு என்றே நினைத்து வாழைப்பழம் கொடுத்தேன். மறுநாளும் இருமல். அதற்கு மறுநாள் படுக்கவே முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்கினான். ஸ்ரீபெரும்புதூரில் கால்நடை டாக்டரிடம் ஓடினோம். எக்ஸ்ரே, ஸ்கேன். இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை, நுரையீரலில் நீர் சேர்கிறது என்றார் டாக்டர். குணப்படுத்த முடியாது. ஆனால் மாத்திரை தவறாமல் கொடுத்தால் நன்றாகவே இருப்பான். எவ்வளவு நாளைக்கு? அவன் இருக்கிற வரைக்கும்.

மூன்று மாத்திரை, இரண்டு சிரப். கிளினிக்கிலேயே கவுன்டர் இருந்தது. பில்லைப் பார்த்தேன். மாதாமாதம் ரூத்தின் ஸ்கூல் வேனுக்குக் கட்டுவதைவிட அதிகம்! என் கணவரின் கம்பெனி இன்ஷூரன்ஸில் நான் உண்டு, ரூத் உண்டு, இரண்டு பக்கத்துப் பெற்றோரும் உண்டு. சோடா கிடையாது.

கணவர் ஒன்றுமே பேசாமல் கார்டை நீட்டினார். எனக்கு ஆச்சரியமே அதுதான். ஏன் தெரியுமா?

அவர் ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாக கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறார். வேலையே விலையைக் குறைப்பது. வருடா வருடம் சப்ளையர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "இந்த வருஷம் எவ்ளோ குறைக்கிறீங்க?" என்று கேட்பார்கள். மெட்டீரியல் எவ்வளவு, மெஷின் நேரம் எவ்வளவு, பேக்கிங் எவ்வளவு, வண்டி வாடகை எவ்வளவு என்று ஒரு போல்ட்டைக் கூறு கூறாகப் பிரித்துக் கேட்பார்கள். பத்து பைசாவுக்காக அரை நாள் பேசுவார்கள். இந்தப் பக்கம் குடியிருக்கிற பாதி வீடுகளில் சாப்பாட்டு மேஜைப் பேச்சே அதுதான். அப்படிப்பட்ட மனிதர், நாய் மாத்திரைக்கு முன்னால் ஊமை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "இதுல எது முக்கியம், எது இல்லாட்டி பரவால்லன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"எப்படி ஜெனி கேக்கறது? அது போல்ட்டு. இது சோடா."

எனக்கும் அதே கதைதான். மகளுக்கு டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதினால் "அவசியமா சார்?" என்று கேட்கிறவள் நான். நாய் டாக்டரிடம் வாய் வரவில்லை. விலையைக் கேட்டால், 'வளர்க்க வக்கில்லாதவள் எதற்கு வளர்க்கிறாள்' என்று நினைத்துவிடுவாரோ? குழந்தைக்குச் செலவு செய்தால் கடமை என்பார்கள். நாய்க்குச் செலவு செய்தால் ஆடம்பரம் என்பார்கள். செய்யத் தயங்கினால் கல் நெஞ்சு என்பார்கள். யார் அந்த 'என்பார்கள்'? அதுதான் தெரியவில்லை... ஆனால் என் தலைக்குள் நிரந்தரமாகக் குடியிருக்கிறார்கள்.

அடுத்த மாதம் அதே சீட்டைக் கவுன்டரில் காட்டி வாங்கினோம். அதற்கடுத்த மாதங்களிலும் அப்படியே. டாக்டரைப் பார்க்கவில்லை, பார்த்தால் ஃபீஸ் தனி, இல்லையா? சீட்டு இருக்கும்போது டாக்டர் எதற்கு என்று ஒரு கணக்கு.

ஜூனில் பள்ளி திறந்தது. ஃபீஸ், ஷூ, புத்தகம், யூனிஃபார்ம். சோடாவின் இருமலோ சுத்தமாக நின்றிருந்தது. எனக்குள் ஒரு குரல் கிளம்பியது. இருமல்தான் நின்றுவிட்டதே, இன்னும் மாத்திரை எதற்கு? ஒரு மாதம் இடைவெளி விட்டால் என்ன? இன்னொரு குரல் — நின்றதே மாத்திரையால் என்றால்? இரண்டு குரலும் என்னுடையதுதான். எப்போதும் சம பலம்.

இந்த நிலைமையில்தான் மேரி அக்கா அட்டையோடு வந்து நின்றார்.

வாங்கிக்கொண்டேன். வாங்காமல் இருக்க முடியவில்லை. மைக்ரோபயாலஜி படித்தவள், பாக்டீரியாவுக்கெல்லாம் பெயர் சொல்லத் தெரிந்தவள், மனதுக்குள் இப்படி வாதாடினேன்: நாய்க்கும் நாலு அறை இதயம், மனுஷருக்கும் நாலு அறை. பிறகென்ன?

சாயந்திரம் ரூத் இட்லித் துண்டோடு வந்தாள். சோடாவுக்கு மாத்திரை கொடுப்பது அவள் டிபார்ட்மென்ட். இட்லிக்குள் மாத்திரையை ஒளித்து, அவன் ஏமாந்ததில் தினமும் புதிதாகச் சந்தோஷப்படுவாள். அன்றைக்கு டப்பாவைக் குலுக்கிப் பார்த்தாள்.

"அம்மா, கொஞ்சம்தான் இருக்கு."

"ம்."

"தீந்துட்டா?"

"வாங்கணும்."

"எப்ப?"

டப்பாவை வாங்கி மூடினேன். அவள் என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். "இதுவா?"

ஐந்து வயதுக் குழந்தை நான் நீட்டுகிற எதையும் இட்லிக்குள் வைத்து அவனுக்குக் கொடுத்துவிடுவாள். அவனும் அவள் கொடுக்கிற எதையும் விழுங்கிவிடுவான். அந்த இரண்டு நம்பிக்கைக்கும் நடுவில் நான் நிற்கிறேன். அட்டையைக் கைப்பையில் போட்டேன். சனிக்கிழமை டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும் என்று முடிவு செய்தேன்.

கணவரும் வந்தார். காத்திருக்கும் பெஞ்சில் ரகசியமாகக் கேட்டார். "கேக்கப் போறியா?"

"நீங்க கேளுங்க. உங்க தொழில்தானே."

"நான் கேட்டா விலை குறைக்கச் சொல்ற மாதிரி இருக்கும். நீ கேட்டா சந்தேகம் கேக்கற மாதிரி இருக்கும்."

பர்ச்சேஸ்காரர் புத்தி. உள்ளே போனதும், டாக்டரம்மா மேஜை மேல் அட்டையை வைத்தேன். அவர் நாமக்கல் பக்கத்துக்காரர், நிதானமான பேச்சு. அட்டையைத் திருப்பிப் படித்தார்.

"இது யாருதுங்க?"

"கீழ் வீட்டு அக்காவோட மாமியார்து."

"சோடாவுக்குக் குடுத்துட்டீங்களா?"

"இல்ல. கேட்டுட்டு..."

பெருமூச்சு விட்டார். "நல்ல வேளைங்க. இது இதயத்தோட வேகத்தைக் குறைக்கிற மாத்திரை. இவன் இதயம் இப்பவே தெணறித்தான் ஓடுது. இதைக் குடுத்திருந்தா அப்படியே சாய்ஞ்சிருப்பான். மனுசங்களுக்கே ஆளுக்கு ஆள் வேறங்க இது." சோடாவின் நெஞ்சில் ஸ்டெத்தை வைத்தபடியே கேட்டார். "ஏன், நான் எழுதினது ஒத்துக்கலையா?"

வந்துவிட்டது. கணவர் சுவரில் இருந்த தடுப்பூசி போஸ்டரை ரொம்ப ஆர்வமாகப் படித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். "நல்லா ஒத்துக்குது டாக்டர். எங்களுக்குத்தான் ஒத்துக்கல. மாசாமாசம் இவ்ளோ முடியல. இதுல விலை குறைஞ்சது ஏதாவது இருக்கா?"

சொல்லி முடித்ததும் காது சூடாகிவிட்டது. டாக்டர் பேனாவை எடுத்தார்.

"அந்தச் சீட்டைக் குடுங்க... ஏங்க, இது முதல் மாசம் எழுதினதாச்சே. இதையே காட்டியா வாங்கிட்டிருக்கீங்க?" இரண்டு சிரப்பையும் அடித்தார். "அப்ப சாப்பாடே எடுக்காம கிடந்தான், அதனால எழுதினேன். இப்ப எதுக்கு? என்கிட்ட வந்திருந்தா ரெண்டாவது மாசமே நிறுத்தியிருப்பேன்." அடுத்து நீர் பிரிய எழுதிய மாத்திரை. "இது மனுசங்களுக்குக் குடுக்கிற அதே மருந்துதாங்க. பேரையும் அளவையும் எழுதித் தர்றேன், வெளிய சாதாரண மெடிக்கல்ல வாங்குங்க. இன்னொண்ணும் அப்படித்தான்." கடைசியாக விலை கூடிய அந்த இதய மாத்திரை. அங்கே பேனா நின்றது. "இதுக்கு மாற்று இல்லைங்க. இதை மட்டும் ஒரு வேளை கூட விடக்கூடாது. ஆனா இதுலயே இரட்டை அளவு மாத்திரை வருது. நடுவுல கோடு இருக்கும், அதுல உடைச்சு பாதி பாதியா குடுங்க. செலவு குறையும். கோடில்லாத மாத்திரைய உடைக்காதீங்க, அளவு சரியா வராது."

என் கணவர் போஸ்டரை விட்டுத் திரும்பினார். அவ்வளவுதானா என்று முகத்தில் எழுதியிருந்தது. இத்தனை நாள் மெட்டீரியலையும் மெஷின் நேரத்தையும் பிரிக்கத் தெரிந்தவருக்கு, டாக்டர் ஒரு மருந்துச் சீட்டை இரண்டே நிமிடத்தில் பிரித்துக் காட்டிவிட்டார்!

"முதல்லயே ஏங்க கேக்கலை?" என்றார் டாக்டர்.

"தப்பா நெனச்சுப்பீங்களோன்னு..."

அவர் சிரிக்கவில்லை. "விலை கேக்கறவங்க என்கிட்ட திரும்பி வருவாங்க. கேக்காதவங்க சிரிச்ச முகமா பில்லைக் கட்டிட்டுப் போவாங்க. ரெண்டாவது மாசம் வரமாட்டாங்க. அந்த நாய் என்னாச்சுன்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்க."

வெளியே வந்ததும் ரொம்ப நேரம் அதையே யோசித்தேன். விலை கேட்டால் பாசம் குறைவு என்று யார் நமக்குச் சொன்னார்கள்? நாளைக்கும் நாளன்றைக்கும் கொடுக்கவேண்டும் என்று நினைக்கிறவர்தானே விலையைக் கேட்பார்?

அன்றைக்கே சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் பக்கத்து மெடிக்கலுக்குப் போனேன். ஷிப்ட் முடிந்து வந்த பெண்கள் கூட்டம். கடைக்காரர் சீட்டைப் படித்தார்.

"பேஷன்ட்டுக்கு வயசு பத்தா? இந்த மாத்திரையா?"

"ஆமா."

"இவ்ளோ சின்ன பையனுக்கு இன்னாம்மா ஹார்ட்டு பிராப்ளம்?"

"நாய்ங்க."

கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவர் அசரவில்லை. மாத்திரையை எண்ணி உறையில் போட்டபடி, "காலைல குடுங்க மேடம். நைட்ல குடுத்தா ஒண்ணுக்குப் போகணும்னு உங்களத்தான் எழுப்பும்," என்றார். பின்னால் நின்ற ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு மருந்துக் கடையில் சிரித்தேன்.

செலவு ஏறக்குறைய பாதியாகிவிட்டது. இன்னமும் அது சின்னத் தொகை இல்லை. ஆனால் இப்போது அது என்ன தொகை, எதற்காக என்று தெரிகிறது. தெரிந்த செலவை ஒதுக்கி வைக்கலாம். தெரியாத செலவைப் பார்த்தால் ஓடத்தான் தோன்றும். மேரி அக்காவிடம் அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். டாக்டர் சொன்னதைச் சொன்னதும், "அய்யோ, நல்லா கேட்ட போ" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கையோடு குரூப்பில் இனிமேல் யாரும் மாத்திரை கொடுக்கல் வாங்கல் செய்யக்கூடாது என்று தலைவர் மாதிரி அறிவிப்பும் போட்டுவிட்டார்.

இந்த வாரம் சோடாவை மறுபடி காட்டப் போனேன். மூச்சு சீராக இருக்கிறது என்றார் டாக்டர். வெளியே வரும்போது, கவுன்டர் பக்கத்தில் கம்பெனி யூனிஃபார்ம், கழுத்தில் ஐ.டி. கார்டு, மடியில் ஒரு பிளாஸ்டிக் கூடையோடு ஒரு பெண். இருபது வயதுதான் இருக்கும். கூடைக்குள் ஒற்றைக் காதில் கட்டுப் போட்ட பூனை. ஹாஸ்டல் பெண்கள் எல்லோரும் சேர்ந்து வளர்க்கிறார்களாம். பில்லைப் பார்த்தாள். போனை எடுத்து யாரையோ கூப்பிடப் பார்த்தாள். வைத்துவிட்டாள். "அப்புறமா வந்து வாங்கிக்கிடுதேன்" என்று கவுன்டரில் சிரித்த முகமாகச் சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கினாள்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

வாசலில் மறித்தேன். "திரும்ப உள்ள போம்மா. இவ்ளோ முடியல, எது கட்டாயம் வேணும், எது வெளிய கிடைக்கும்னு டாக்டர்கிட்டயே கேளு."

"டாக்டரம்மா வைவாங்களாக்கா?"

"மாட்டாங்க. அப்படியே திட்டினா வேற டாக்டரைப் பாத்துக்கலாம். மருந்தை மட்டும் நீயா நிறுத்திடாத."

அவள் கையிலிருந்த பில்லை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

பூனை மட்டும் என்னை ஒரு முறை முறைத்தது. ஊசி போட்ட அறைக்கே மறுபடி அனுப்பியவளை அது பின்னே கொஞ்சுமா?