ஹவுஸ்கீப்பரின் சாவிக்கொத்து

போன வெள்ளிக்கிழமை உத்தமபாளையம் பக்கம் ஒரு கல்லூரியில் நான் எழுதிய நாடகம். விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்து, ஒரு பெரிய பங்களா, ஒரு சிடுமூஞ்சிப் பிரபு. நடித்ததெல்லாம் மாணவிகள்தான்... பிரபுவுக்கு மட்டும் ஒட்டு மீசை!

அந்தக் காலத்து ஆங்கில நாவல்களில் பங்களா என்று ஒன்று இருந்தால், ஹவுஸ்கீப்பர் என்று ஒருத்தி இருந்தே ஆக வேண்டும். கறுப்பு கவுன், இடுப்பில் சாவிக்கொத்து. கதவைத் திறப்பாள், 'ஐயா வெளியே போயிருக்கிறார்' என்பாள், காணாமல் போய்விடுவாள். நானும் என் பங்குக்கு இரண்டே வசனம்தான் கொடுத்திருந்தேன்.

அந்த வேஷம் பாண்டீஸ்வரிக்கு. ஓடைப்பட்டிப் பெண், அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். அட்டையில் வெட்டி ஜிகினாத்தாள் ஒட்டிய சாவி சத்தமே போடவில்லை. "நிஜச் சாவி கிடைக்குமா?" என்று கேட்டேன். நாடகத்தன்று காலை தோட்டத்துச் சாவிக்கொத்தையே கொண்டுவந்துவிட்டாள். நடக்க நடக்க கலகல சத்தம். எனக்கு ஏக திருப்தி.

மேடை ஏறும் நேரத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. வீட்டில் கேட்காமல் எடுத்து வந்திருக்கிறாள். நாடகம் என்றே சொல்லவில்லை – ஸ்பெஷல் கிளாஸாம்!

"அப்பா நாளைக்குத்தான் மருந்து அடிப்பாக மேடம். சாயங்காலம் போயி ஆணியில மாட்டிருவேன். தெரிஞ்சா காலேஜை நிப்பாட்டிருவாக. மாப்பிள்ளை வேற பாத்து வச்சிருக்காக."

ஜன்னல் வழியே பார்த்தேன். மேற்கே மலை மேல் கருமேகம். மருந்து இருப்பதோ தோட்டத்து மோட்டார் ரூமுக்குள், சாவி இவள் இடுப்பில். திராட்சை பூவெடுத்திருக்கும் நேரத்தில், மருந்தடிக்கும் முன் மழை பிடித்துக்கொண்டால் பூவெல்லாம் அழுகிக் கொட்டிவிடும் என்று இந்தப் பக்கம் யாருக்குத் தெரியாது?

இரண்டாம் காட்சி. ஹால் கதவு திறந்தது. வேட்டியை மடித்துக் கட்டிய ஓர் ஆள் நேராக மேடையை நோக்கி வந்தார். யார் என்று எனக்குச் சொல்ல வேண்டுமா? பாண்டீஸ்வரியின் முகமே சொல்லிவிட்டது.

மேடையில் பிரபு கையை நீட்டுகிறார்: "சாவியைக் கொடு!" மேடைக்குக் கீழே அப்பா, கண் இமைக்காமல் நிற்கிறார்.

அவள் பிரபுவைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தாள். கொத்தை இறுகப் பிடித்தாள். "மன்னிக்கணும் ஐயா. சாவி என் பொறுப்பு. யார் கேட்டாலும் தர மாட்டேன்." வசனம் நான் எழுதியதுதான்... அந்தக் கண்ணீர் நான் எழுதியதல்ல.

அப்பா முன்வரிசையில் உட்கார்ந்தார் – வராத சீஃப் கெஸ்ட்டின் நாற்காலியில். எழுப்ப யாருக்கும் தைரியம் வரவில்லை.

திரை விழுந்ததும் ஓடினேன். "சாவி கேட்டது நான்தாண்ணே. மருந்து...?"

"மேகம் போடுறதப் பாத்து காலையிலயே பூட்டை ஒடச்சு அடிச்சாச்சு டீச்சர்."

"அப்புறம் ஏன் இவ்வளவு தூரம்...?"

"சாவியையும் காணோம். கிளாஸே கெடையாதுன்னு கூடப் படிக்கிற புள்ள சொல்லுச்சு. புள்ள எங்க போச்சோன்னு பெத்தவனுக்கு எப்படி இருக்கும்?" இவ்வளவு நேரம் திராட்சைக்காகவே பயந்துகொண்டிருந்த எனக்கு வெட்கமாக இருந்தது.

பாண்டீஸ்வரி கவுனோடு வந்து நின்றாள். தலையே நிமிரவில்லை. "நாளைலருந்து காலேஜ்...?" என்றாள், கேட்டும் கேட்காமலும்.

"திங்கக்கெழம வழக்கம்போலப் போ." என்றார் அப்பா. "ஏன் ஆத்தா... இம்புட்டுப் பொய்யி சொன்னியே, ரெண்டே ரெண்டு வசனத்துக்கா?"

என் நாடகத்துக்கு வந்ததிலேயே நியாயமான விமர்சனம் அதுதான்!