குண்டானும் சிவப்புக் காடியும்

என் அப்பா ஒரு காடி வாங்கி முடிப்பதற்குள் எங்கள் ஊரான பாக்கார் ஆராங்கின் வரிசை வீடுகளில் ஒரு கல்யாணம் நடந்து, அந்தத் தம்பதிக்குக் குழந்தையும் பிறந்து, அதற்கு மொட்டையும் போட்டாகிவிட்டது. காரை நாங்கள் காடி என்றுதான் சொல்வோம். வாங்கப்போவது ஒரே ஒரு காடி. அதற்குத்தான் இத்தனை பாடு. இப்போதும் யாராவது இரண்டு பொருள்களை முன்னால் வைத்து, எது நல்லது என்று என்னைக் கேட்டால் எனக்குத் தலைவலி வந்துவிடுகிறது.

பேச்சு தொடங்கியது என்னவோ அம்மாவுக்காகத்தான். அம்மா குருணில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். விடிவதற்கு முன்பே தொழிற்சாலை பஸ் எங்கள் முச்சந்திக்கு வந்துவிடும். அது யாருக்காகவும் காத்திருக்காது. மழையானாலும் காய்ச்சலானாலும் அம்மா ஒரு கையில் குடையும் மறு கையில் பசியாறக் கட்டிய பொட்டலமுமாக ஓடுவார். கார் லைசென்ஸ் கல்யாணத்துக்கு முன்பே எடுத்தது. ஓட்டக் காடி இல்லாமலே அதைத் தவறாமல் புதுப்பித்து, பர்ஸில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். "இனிமே உனக்கு அந்த பஸ்ஸெல்லாம் வேணாம்லா, ஒரு காடி எடுத்திடுவோம்" என்று அப்பாதான் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். அம்மா சோறு போட மறந்து கரண்டியோடு அப்படியே நின்றார்.

சொன்ன வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். ஆனால் சொன்ன கையோடு அப்பா யூடியூபைத் திறந்தார். அங்கேதான் வந்தது வினை. சின்ன எஸ்யூவிதான் நமக்குச் சரி, பார்க்க உயரம், விலையும் கைக்கு எட்டும் என்று ஒரு வாரத்தில் முடிவுக்கு வந்தவர், அந்த வகையில் ஒரு வெள்ளைக் காடிக்கும் ஒரு சிவப்புக் காடிக்கும் நடுவில் சிக்கிக்கொண்டார். வெள்ளைக்கு உடம்பு பெரிது, பின்னால் சாமான் வைக்க இடம் தாராளம், ஆனால் பெட்ரோல் குடிக்கும். சிவப்பு பெட்ரோலை மிச்சப்படுத்தும், சந்துபொந்தில் சுலபமாகத் திரும்பும், ஆனால் பின்னால் இடம் குறைவு. இந்த 'ஆனால்' எங்கள் வீட்டில் ஒரு ஆளைப் போலவே குடியிருந்தது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று அப்பா நின்றார். நாங்களும் கூடவே நின்றோம்.

இரண்டு கடைகளும் சுங்கைப் பட்டாணியில் ஒரே சாலையில் எதிரெதிரே இருந்தது என் கெட்ட நேரம். எங்கள் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளிக்கிழமைதான். ஒவ்வொரு வெள்ளியும் அந்த வெயிலில் சாலையைக் கடப்பதிலேயே கழிந்தது. அப்பா குனிந்து சக்கரத்தைப் பார்ப்பார். கதவைத் திறந்து திறந்து அடித்து, அந்தச் சத்தத்தைக் கண் மூடிக் கேட்பார். பிறகு எதிர்க்கடைக்குப் போய் அதே வேலையை அதே வரிசையில் செய்வார். தோட்டத்து மண்சாலையில் ஓட்டிப் பார்த்தால்தான் குணம் தெரியும் என்று ஒருமுறை வெள்ளைக் காடியைக் குருண் தோட்டத்துப் பெரியப்பா வீட்டுக்கே கொண்டுபோனார். செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் கிழித்த பள்ளங்களில் காடி இறங்கி ஏறும்போதெல்லாம், கூட வந்த விற்பனைக்காரப் பெண் "அண்ணே, மெதுவா அண்ணே" என்று கெஞ்சிக்கொண்டே வந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அம்மா எதையும் குனிந்து பார்க்க மாட்டார். அப்பா அந்தப் பக்கம் போனதும், ஓட்டுநர் இருக்கையில் போய் உட்காருவார். இருக்கையை முன்னால் இழுத்து, காலை பிரேக்கில் வைத்துப் பார்ப்பார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே எதையோ பார்ப்பார். அப்பா திரும்பி வரும் சத்தம் கேட்டதும் இருக்கையைப் பழையபடி பின்னால் தள்ளிவிட்டு இறங்கிவிடுவார். இழுப்பானேன், பிறகு தள்ளுவானேன் என்று எனக்கு எரிச்சலாக வரும். "நீ என்ன சொல்ற?" என்று அப்பா கேட்டால், "உங்க இஷ்டம்லா" என்பார்.

இதற்குள் அம்மா வேலைக்குப் போகும் காடி என்ற பேச்சு கழுதை தேய்ந்து கட்டெறும்பாகியிருந்தது. ஜித்ராவில் மாமா வீட்டுக்குப் போக, பினாங்குக்குப் போக, எல்லாவற்றுக்கும் மேலாகக் கோயில் குண்டானை ஏற்ற என்று அப்பாவின் நியாயங்கள் மாறிவிட்டன. அந்தக் குண்டானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் சின்னக் கோயிலின் அன்னதானத்துக்கு அப்பாதான் பொறுப்பு. தைப்பூசத்துக்குத் தயிர்சோறு கொண்டுபோகும் பெரிய அலுமினியக் குண்டான் எங்கள் வீட்டுப் பின்கட்டில்தான் இருக்கும். வருடா வருடம் அதை ஏற்ற அப்பா ஒரு வேன்காரரிடம் போய் நிற்பார். அந்த மனிதரும் கொடுப்பார். கொடுத்ததை அடுத்த தைப்பூசம்வரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் இருப்பார். அப்பாவுக்கு அது உள்ளுக்குள் குத்திக்கொண்டே இருந்தது.

ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை, அப்பா பக்கத்து வீட்டுக் காடியை இரவல் வாங்கி, அதன் கூரையில் குண்டானைக் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு கடைக்குப் புறப்பட்டார்.

வெள்ளைக் காடியின் பின்பக்கத்தில் குண்டான் அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது. அத்தோடு விட்டாரா? எதிர்க்கடையிலும் பார்த்துவிட்டால்தான் நியாயம் என்றார். குண்டானின் ஒரு காதை அவரும் மறு காதை நானுமாகப் பிடித்துக்கொண்டு அந்த நட்டநடு வெயிலில் சாலையைக் கடந்தோம். லாரிகள் ஹார்ன் அடித்தன. என் வகுப்பில் படிக்கும் ஒருத்தி மோட்டார் சைக்கிளின் பின்னாலிருந்து எனக்குக் கையாட்டிவிட்டுப் போனாள். அம்மா குடையை விரித்துக்கொண்டு, எங்களைத் தெரியாதவர் போல முன்னால் நடந்தார்.

சிவப்புக் காடியில் குண்டானின் காது இடித்தது. திருப்பி வைத்தார், சாய்த்து வைத்தார், என்ன செய்தும் பின்கதவு மூடவில்லை. அப்பா வேட்டையில் ஜெயித்தவர் போல நிமிர்ந்து, "பாத்தியா? அப்ப வெள்ளதான்!" என்றார்.

அம்மா குடையை மடக்கினார்.

"ஏங்க, இந்தக் குண்டானா தெனம் காலையில குருணுக்கு வேலைக்குப் போகப் போகுது?"

குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா குண்டானின் காதைப் பிடித்தபடியே நின்றார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் கூரையில் குண்டான் மட்டும் லொடலொடவென்று பேசிக்கொண்டே வந்தது.

அடுத்த மாதம் சிவப்புக் காடி வந்தது. பெட்ரோல் மிச்சம் என்பதால்தான் அதை எடுத்தேன் என்று அப்பா கேட்டவர், கேட்காதவர் எல்லாரிடமும் சொன்னார்.

பூசை எங்கள் கோயில் வாசலிலேயே நடந்தது. முதல் சவாரியில் முன்னிருக்கை எனக்குத்தான் என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்ததால், நான் காலையிலிருந்தே காடியை விட்டு நகரவில்லை. ஐயர் பொட்டு வைத்து, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். சர்க்கரைப் பொங்கல் குண்டான் நிறைய இருந்தது. முதலில் அது காடியில் ஏறட்டும் என்று அப்பா அதைப் பின்னிருக்கையில் வைத்து, விழாமலிருக்க இருக்கைப் பட்டையையும் போட்டார். பட்டை சரியாக மாட்டியதா என்று இழுத்துப் பார்த்துக் கதவைச் சாத்தியபோது, முன்னால் என்ஜின் உறுமியது.

ஓட்டுநர் இருக்கையில் அம்மா. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. பழத்தின் மேல் ஏறியதும் நிறுத்துவதுதான் வழக்கம். அம்மா நிறுத்தவில்லை. மாலை ஆட, பொங்கலோடு, என்னை வாசலிலேயே விட்டுவிட்டுக் காடி வாசலைத் தாண்டி, சாலையில் திரும்பி மறைந்துவிட்டது. இலையைக் கையில் வைத்துக்கொண்டிருந்த சனம் அப்பாவைப் பார்த்தது. அப்பா சாலையைப் பார்த்தார். "பொங்கல்... பொங்கல் உள்ள இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

வெகுநேரம் கழித்து, மெதுவாக, சிக்னல் போட்டுக்கொண்டு அம்மா வந்து சேர்ந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"எங்க போன?" என்றார் அப்பா.

"பஸ் ஸ்டாப்பு வரைக்கும்."

"அங்க யாரு இருக்கா?"

"யாருமில்ல. இன்னிக்கு பஸ்ஸே இல்லயே."

காடி வாங்கிய பிறகு ஒருவர் எதற்கு பஸ் ஸ்டாப்புக்குப் போக வேண்டும்? அதுவும் பஸ் வராத நாளில், பொங்கலைத் தூக்கிக்கொண்டு? கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் பெண்கள் குண்டானை இறக்கி, பொங்கலை இலையில் அள்ளிப் போடத் தொடங்கிவிட்டார்கள்.

எல்லாம் முடிந்து வீட்டுக்குப் புறப்படும் நேரம். அப்பா வலதுபக்கக் கதவைத் திறந்தார். அம்மா ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தார், பக்கத்து முன்னிருக்கையில் நான். இருக்கை முன்னால் இழுத்தபடியே இருந்தது. இறங்குவார் என்று அப்பா கொஞ்ச நேரம் நின்றார். அம்மா நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கதவை, இந்த முறை சத்தம் வராமல், மெதுவாகச் சாத்தினார். பிறகு காடியைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து, "நீ பின்னால போய் உக்காரும்மா" என்று என்னை இறக்கிவிட்டு, இடதுபக்கம் ஏறி உட்கார்ந்தார்.

வழி முழுக்க நான் பிசுபிசுத்த காலிக் குண்டானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். என்ன நடந்தது என்று எனக்கு எங்கே தெரிந்தது? என் முன்னிருக்கை போயிற்றே என்பதுதான் எனக்கு அன்று அழுகை.