பழனிவேல் மாஸ்டரின் பித்தம் குறித்த தீர்மானம்

மண்ணரைப் படிப்பகத்தின் பதினொரு நாற்காலிகளுக்கும் முதுகில் எண் எழுதுவது என்று சென்ற வாரம் ஒருமனதாக முடிவாயிற்று. இரண்டு ஆண்டு விவாதம் அன்றோடு ஓய்ந்தது. அடுத்த பொருள் பழனிவேல் மாஸ்டரைப் பற்றியது. மிகவும் அவசரம் என்பதால் அதை இரண்டாவதாக வைத்திருந்தோம். அப்போது பனியன் நூல் வியாபாரி காதர் பாய், சைக்கிளை வாசலில் அப்படியே சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"மாஸ்டர் போயிட்டாருங்க."

"எங்கீங்க?" என்றார் தலைவர்.

பாய் மாஸ்டர் உட்காரும் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தார்.

மாஸ்டர் நொய்யல் கரைச் சலவைப் பட்டறையில் இருபது ஆண்டுகளாகப் பனியன் துணியை வெளுத்தவர்; 'மாஸ்டர்' அங்கே கிடைத்த பட்டம். நோய் அரிப்பில் தொடங்கியது. பித்தம் இறங்க வழியில்லாமல் ரத்தத்தில் ஏறினால் தோல் அரிக்கும் என்று பிறகுதான் தெரிந்தது; அவர் பிளீச்சிங் பவுடர் மேல் பழிபோட்டார். ஒருநாள் கழற்றிக் கொடியில் போட்ட அவருடைய பனியனில் முதுகும் கக்கமும் மஞ்சளாக, உள்ளே இன்னும் ஓர் ஆள் நிற்பதுபோல் தெரிந்தன. அதை இரண்டு முறை பிளீச்சிங் தொட்டியில் போட்டார். வெளுத்ததை மாட்டினார். மறுபடி மஞ்சளானது.

"கறை துணியில இல்லீங்க," என்று சொல்லிவிட்டுக் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினார்.

அங்கே பித்தப்பைக் கல்லை எடுத்தார்கள். ஆனால் பித்தக் குழாயின் அடிப்பகுதி சுருங்கிக் கிடந்தது. அதற்கு இன்னொரு ஆபரேஷன். அதற்கு உடம்பு தேறவேண்டும். அதுவரை வயிற்றிலிருந்து ஒரு ரப்பர் குழாய், அதன் முனையில் ஒரு கண்ணாடிக் குப்பி. பனியன் துணியில் பை தைத்து, குப்பியை இடுப்பில் தொங்கவிட்டபடி படிப்பகத்துக்கு வந்தார். 'அமைதி காக்கவும்' என்ற பலகையை நாம் முதன்முறையாக மதித்தது அன்றுதான். குப்பியில் சொட்டு விழுவது கேட்டது.

குப்பியில் சேர்வதைத் தினமும் திருப்பிக் குடிக்கவேண்டும் என்று டாக்டர் உத்தரவிட்டிருந்தார். ஈரல், கொழுப்பிலிருந்தே பித்த அமிலத்தைச் செய்கிறது. அது குடலில் இறங்கி, தின்ற நெய்யையும் எண்ணெயையும் கரைக்கிறது. சிறுகுடலின் கடைசியில் ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சப்பட்டு, ரத்தத்தின் வழியே ஈரலுக்கே திரும்புகிறது. ஒரு நாளில் பல சுற்று. திரும்பி வராத கொஞ்சத்தை மட்டும் ஈரல் புதிதாகச் செய்துகொள்ளும். எதுவுமே திரும்பாவிட்டால் பல மடங்கு செய்து பார்க்கும். அப்போதும் ஈடுகட்ட முடியாது. உப்பும் தண்ணீரும் கூடவே வெளியேறிவிடும். குடிக்காவிட்டால் அடுத்த ஆபரேஷன் வரை தாங்கமாட்டீர்கள் என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார்.

மாஸ்டர் இதை நம்புமுன் சோதித்தார். பின்னல் மெஷின் எண்ணெய் பட்ட துணித்துண்டு ஒன்றைக் குப்பித் தண்ணீரில் பாதி மட்டும் நனைத்துக் கசக்கினார். நனைத்த பாதியில் கறை போய்விட்டது.

"அம்பது வருசமா உள்ளயே சோப்பு வச்சுக்கிட்டு, வெளிய சோப்பு வாங்கியிருக்கறேன் பாருங்க. நம்ம பட்டறையில ஒருக்கா துவைச்ச தண்ணிய ஆத்துல விட்டுருவோம். இது ஒரே தண்ணிய சாகிறவரைக்கும் வச்சுத் துவைக்குதுங்க."

குடிப்பதில் அவருக்கு அருவருப்பு இல்லை. தடை வேறு. அவர் முருகனுக்கு மாலை போட்ட குடும்பம், முட்டைகூடத் தொடாதவர். "ஏனுங்க செயலாளரே, இது சைவமுங்களா?" என்று என்னைக் கேட்டார். செயலாளர் என்ற முறையில் அதைக் கூட்டத்தில் வைத்தேன்.

"உடம்புல ஊறி வர்றது எப்படிங்க சைவமாகும்?" என்றார் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர்.

"அப்ப நீங்க எச்சில முழுங்கறதே இல்லீங்களா?" என்றார் காதர் பாய். தனக்கு மட்டும் இதில் ஓட்டு வேண்டாம் என்றார். "இன்னைக்கு இது. நாளைக்கு ஆட்டு ஈரல் சைவமான்னு ஓட்டுப் போடவும் என்னையவே கூப்பிடுவீங்க."

ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில், ஒருவருடைய பித்தம் அவருக்குச் சைவ உணவே என்று தீர்மானம் நிறைவேறியது.

அன்று முதல் நன்னாரி சர்பத்தில் கலந்து குடித்தார். கன்னத்தில் சதை வைத்தது. குடிக்கக் குடிக்கக் குப்பியில் கூடுதலாகச் சேர்ந்தது, நிறமும் அடர்ந்தது. ஒரு நாள் காலை குப்பியைத் தூக்கிக் காட்டி, "இது நேத்துக் குடிச்சதுங்க. திரும்பி வந்திருக்குது," என்றார். குப்பியை மெல்லச் சாய்த்து, மறுபடி நிமிர்த்தினார். "நான் இதக் குடிக்கல சாமி. இது என்னைய வழியா வச்சுப் போய்ட்டு வந்துட்டிருக்குது." போஸ்ட்மாஸ்டர் அன்று பேப்பர் படிக்காமலே வீட்டுக்குப் போனார்.

ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தது. ஆறு நாள் விரதம். துளசித் தண்ணீர் மட்டும். தொடங்குவதற்கு முந்தைய நாள், ஆறு நாளும் சர்பத் கிடையாது என்று மாஸ்டர் அறிவித்தார்.

"எங்க நோன்புலயே சீக்காளிக்கு விலக்கு உண்டுங்க. உங்க முருகன் அதைவிடக் கறாருங்களா?" என்றார் பாய்.

"முருகன் கறாரில்லீங்க பாய். நான்தான்."

அது மருந்துதானே என்று நான் வாதாடினேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"உணவுன்னு நீங்கதானுங்க தீர்மானம் போட்டீங்க. உணவ விரதத்துல எப்படிங்க எடுக்கறது? மருந்துன்னு போட்டிருந்தா குடிச்சிருப்பேன்."

தீர்மானத்தைத் திருத்துகிறேன் என்றேன். சரி, திருத்தி வந்தால் குடிக்கிறேன் என்றார். நம் விதிப்படி திருத்தத்துக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். அன்று மாலையே அறிவிப்பை ஒட்டினேன்; கூட்டம் விரதம் முடிந்த மறுநாள் விழுந்தது.

அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. குப்பி மட்டும் தவறாமல் நிரம்பியது. முதல் நாள் கரும்பச்சை, மூன்றாம் நாள் வைக்கோல் நிறம். ஐந்தாம் நாள் நான் அவர் வீட்டுக்குப் போனபோது, எழுந்து உட்கார முடியாதவர் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, துணி பார்ப்பதுபோல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். உள்ளே இருந்தது ஏறக்குறையத் தண்ணீர்.

"நல்லா வெளுத்துருச்சுங்க," என்றார். குரலில் திருப்தி இருந்தது.

ஆறாம் நாள் மாலை, விரதம் முடிந்ததும் அவர் மனைவி கிளாஸை வாயருகே கொண்டுபோனார். சர்பத் கடைவாயில் வழிந்தது.

மாஸ்டருடைய பொருள் என்று என்னிடம் இருப்பது பாதி மட்டும் கறை போன அந்தத் துணித்துண்டும், செயலாளர் என்பதால் தீர்மானப் புத்தகமும். அந்தப் பக்கத்தில் ஐந்து கையெழுத்துகளுக்குக் கீழே, 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று மாஸ்டரும் கையெழுத்திட்டிருக்கிறார். தீர்மானத்தின் வாசகத்தை எழுதியது நான்.